அரோமேனியர்கள் சிறுபான்மையினரா? எந்த நாட்டில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது

கேள்வி: ருமேனியக் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜி, டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் இருவரும் "அரோமேனியர்" வம்சாவளியினர் என்று படித்தேன். யார் இவர்கள்? ருமேனியர்களா, கிரேக்கர்களா, தனி இனமா? தனி இனம் என்றால் சிறுபான்மை உரிமை கேட்டுப் போராடியதாக ஏன் செய்தியே காணோம்?

பதில்:

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். அரோமேனியர்கள் லத்தீனிலிருந்து கிளைத்த ஒரு மொழியைப் பேசும், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி மலைக்காரர்கள். சமயத்தால் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். கிரேக்கத்தின் வடபகுதியில் முதுகெலும்பு போல ஓடும் பிண்டஸ் மலைத்தொடர்தான் அவர்களுடைய தாய்மண். அங்கிருந்து தெற்கு அல்பேனியா, வட மாசிடோனியா, பல்கேரியாவின் தென்மேற்கு என்று சிதறியிருக்கிறார்கள். ஏறக்குறைய நூறாண்டுகளாக ருமேனியாவின் கருங்கடல் கரையிலும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன ஹாஜி, ஹாலெப் குடும்பங்கள் அந்தக் கடற்கரை வட்டாரத்தைச் சேர்ந்தவை. அக்கம்பக்கத்தார் இவர்களை விளாக் என்பார்கள், செர்பியர்கள் சின்ட்சார் என்பார்கள். ஓர் எச்சரிக்கை: செர்பியாவின் கிழக்கே திமோக் பள்ளத்தாக்கிலும் "விளாக்" என்ற பெயரில் ஒரு மக்கள் உண்டு. அவர்கள் பேசுவது ருமேனிய மொழியின் வட்டார வழக்கு. அவர்கள் வேறு, இவர்கள் வேறு. இணையக் கட்டுரைகளில் பாதி இந்த இருவரையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிடுகின்றன.

எங்கிருந்து வந்தார்கள் என்பதில் இரண்டு கட்சி. ரோம் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மாசிடோனியாவைப் பிடித்தபின், அங்கேயே இருந்த மலைமக்கள் லத்தீன் பேசத் தொடங்கினார்கள் என்பது ஒன்று. டான்யூப் நதியோரத்தில் லத்தீன் பேசிக்கொண்டிருந்தவர்கள், ஸ்லாவியர் வருகைக்குப் பிறகு தெற்கே நகர்ந்தார்கள் என்பது மற்றொன்று. முதல் கருத்தைக் கிரேக்க அறிஞர்களும் இரண்டாவதை ருமேனிய அறிஞர்களும் அதிகம் விரும்புவது தற்செயல் இல்லை. முதலாவது சரி என்றால் இவர்கள் மொழி மாறிய கிரேக்கர்கள். இரண்டாவது சரி என்றால் வழி தவறிய ருமேனியர்கள். எனக்கு இரண்டுமே முழுசாகப் பிடிபடவில்லை. மொழியின் இலக்கணத்தைப் பார்த்தால் ருமேனிய மொழியோடு உறவு மறுக்க முடியாதது. ஆனால் மொழி உறவை வைத்து நாட்டுரிமை பேசுவது 19ஆம் நூற்றாண்டின் பழக்கம்.

பதிவாக இருப்பதைச் சொல்கிறேன். 976ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைப் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், வரலாற்றாசிரியர் ஒருவர் குறிப்பிடுகிறார்: கஸ்தோரியாவுக்கும் பிரெஸ்பா ஏரிக்கும் இடையே பல்கேரிய மன்னன் சாமுவேலின் அண்ணன் டேவிட்டை "வழிப்போக்க விளாக்குகள்" கொன்றார்கள். பெயர் சொல்லி அவர்களைக் குறிக்கும் பழைய செய்தி இதுதான். அடுத்த நூற்றாண்டில் கெகாவ்மெனோஸ் என்ற பைசாந்தியப் படைத்தலைவர், 1066இல் தெஸ்ஸாலியில் வரிக்கு எதிராக நடந்த விளாக் கிளர்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். இவர்களை நம்பவே கூடாது என்று வசைபாடுகிற அதே பக்கங்களில், தன்னை அறியாமல் ஓர் அருமையான தகவலையும் விட்டுவிட்டுப் போகிறார்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இவர்களுடைய குடும்பங்களும் மந்தைகளும் உயர்ந்த மலைகளில் இருக்குமாம். அந்த நாட்காட்டி அதற்குப் பிறகு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் மாறவில்லை.

அந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் இவர்களுடைய அரசியல் புரியாது. வசந்தத்தில் புனித ஜார்ஜ் திருநாள் வந்ததும் சமவெளியிலிருந்து கிளம்புவார்கள். ஆயிரக்கணக்கான ஆடுகள், கோவேறு கழுதைகள், அவற்றின் முதுகில் கூடாரமும் பாத்திரமும் தொட்டில் குழந்தையும். மலையூரில் கோடை. இலையுதிர் காலத்தில் புனித திமித்ரியோஸ் திருநாளோடு மறுபடி கீழே. ஒவ்வொரு கூட்டத்துக்கும் செல்னிக் என்றொரு தலைவர், நம் கீதாரியைப் போல. எந்தப் புல்வெளிக்கு எவ்வளவு வாடகை, பாலாடைக்கட்டி யாருக்கு, கம்பளி யாருக்கு, வழியில் எந்த அதிகாரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் சமரினா போன்ற ஊர்களில் பனிக்காலத்தில் காவலுக்குச் சில பேர் மட்டும் மிஞ்சுவார்கள்.

ஆனால் "மேய்ப்பர்கள்" என்று மட்டும் நினைத்தால் பாதிக் கதை போய்விடும். கழுதை வைத்திருப்பவன் சுமை ஏற்றுவான், சுமை ஏற்றுபவன் விரைவில் வணிகன் ஆவான். ஒட்டோமான் துருக்கியர் ஆண்ட பால்கனின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு இவர்களுடைய கழுதைத் தொடர்களில்தான் நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ், வியன்னா, புடாபெஸ்ட் வரை இவர்களுடைய கடைகள் இருந்தன. அந்தச் செல்வம் குவிந்த ஊர் மோஸ்கோபோலே. இன்றைக்குத் தென்கிழக்கு அல்பேனியாவில் கோர்ச்சாவுக்கு அருகே வோஸ்கோபோயா என்ற சிறு கிராமமாக இருக்கிறது. அப்போது அங்கே ஓர் அச்சகம் இருந்தது. ஒட்டோமான் ஆட்சிக்குட்பட்ட பால்கனில் அது பெரிய விஷயம். 1744 முதல் "புதிய அகாடமி" என்ற உயர்கல்விச் சாலையும் நடந்தது. ஊரின் மக்கள்தொகை பற்றி வாய்க்கு வந்த எண்களைச் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடலாம். நிற்கும் தேவாலயங்களும் அவற்றின் சுவரோவியங்களுமே போதிய சாட்சி. 1769இல் கொள்ளைக்கூட்டங்கள் ஊரைச் சூறையாடின, 1788இல் இன்னொரு முறை. பிழைத்தவர்கள் க்ருஷேவோ, பிட்டோலா, பெல்கிரேடு, வியன்னா என்று சிதறினார்கள்.

இந்த ஊரில்தான் இன்றைய சிக்கலின் வேரைப் பார்க்கிறேன். மோஸ்கோபோலே அச்சகத்தில் வெளியானவை கிரேக்க நூல்கள். அகாடமியில் பாடம் நடந்ததும் கிரேக்கத்தில். தேவாலய மொழி கிரேக்கம், கணக்குப் புத்தக மொழி கிரேக்கம், படித்தவன் என்பதற்கு அடையாளமும் கிரேக்கம். அரோமேனிய மொழி அடுப்படிக்கும் ஆட்டுக்கிடைக்கும் உரியதாக இருந்தது. அதில் எழுத்தே இல்லை என்று சொல்ல முடியாது: 1731இல் வரையப்பட்ட ஒரு கன்னி மரியா படத்தில் லத்தீன், கிரேக்கம், அல்பேனியம் ஆகியவற்றோடு அரோமேனியத்திலும் ஒரு வரி வேண்டுதல் இருக்கிறது. அகாடமியின் ஆசிரியர் கவாலியோட்டி 1770இல் கிரேக்கம், அரோமேனியம், அல்பேனியம் மூன்றுக்குமான சொற்பட்டியல் வெளியிட்டார். ஆனால் எதற்காக? அதே ஊரைச் சேர்ந்த டேனியல் என்ற பாதிரியார் தொகுத்த நான்கு மொழி அகராதியின் முன்னுரை பதில் சொல்கிறது. அல்பேனியர்களே, விளாக்குகளே, பல்கேரியர்களே, உங்கள் காட்டுமிராண்டி மொழியை விட்டுவிட்டுக் கிரேக்கராக மாறுங்கள், மகிழுங்கள் என்று அழைக்கிறார். எழுதியவரும் அரோமேனியர்தான். வெளியார் யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மேலே ஏறுவதற்கான ஏணி கிரேக்கமாக இருந்தது, அவர்கள் ஏறினார்கள்.

ஏறியவர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கிரேக்கப் பேரரசைக் கனவு கண்ட "மகா எண்ணம்" என்ற கோட்பாட்டை 1844இல் அரசியலமைப்பு அவையில் முழங்கிய பிரதமர் கொலெட்டிஸ், சிர்ராக்கோ என்ற அரோமேனிய ஊர்க்காரர். வியன்னாவின் வங்கி முதலாளி சினா குடும்பத்தின் பூர்வீகம் மோஸ்கோபோலே. புடாபெஸ்டின் சங்கிலிப் பாலத்திலும் ஏதென்ஸ் வானாய்வு நிலையத்திலும் அவர்கள் பணம் இருக்கிறது. ஏதென்ஸ் பாலிடெக்னிக்கின் முழுப்பெயரில் இன்றும் மெட்சோவோ என்ற மலையூரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கொடையாளிகள் அந்த ஊர்க்காரர்கள் என்பதால். அவர்களில் ஒருவர் எகிப்தில் பொருளீட்டிய கியோர்கியோஸ் அவெரோஃப். 1896 ஒலிம்பிக்குக்காக ஏதென்ஸின் பழைய விளையாட்டரங்கைப் பளிங்கில் புதுப்பித்தது அவருடைய பணம். அவர் விட்டுச்சென்ற சொத்தின் உதவியால் கிரேக்கம் ஒரு போர்க்கப்பல் வாங்கி அவர் பெயரையே சூட்டியது. 1912இல் ஒட்டோமான் கடற்படையை டார்டனெல்ஸ் வாயிலேயே முடக்கியது அந்தக் கப்பல்தான். இந்தக் குடும்பங்களின் வழிவந்தவரிடம் போய் "நீங்கள் கிரேக்கத்தில் சிறுபான்மையினரா?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வருவது இயல்பு. வீட்டைக் கட்டியவனிடம் வாடகைச் சீட்டு கேட்பதாக அவர் எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு நேரெதிரான ஓட்டம் 1860களில் தொடங்கியது. புதிதாக ஒன்றுபட்ட ருமேனியாவுக்குத் தெற்கே "நம் மொழிக்காரர்கள்" இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. 1864இல், இன்றைய வட மாசிடோனியாவில் இருக்கும் பிட்டோலாவுக்கு அருகே தர்னோவா என்ற ஊரில் திமித்ரி அதனசெஸ்கு என்பவர் முதல் ருமேனியப் பள்ளியைத் திறந்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் புக்கரெஸ்ட் செலவில் இயங்கிய பள்ளிகள் நூறைத் தாண்டின. கவனியுங்கள், அங்கேயும் அரோமேனிய மொழிக்குப் பெரிய இடமில்லை. கற்பித்தது ருமேனிய இலக்கிய மொழி. ஒரு பக்கம் கிரேக்க ஏணி, மறுபக்கம் ருமேனிய ஏணி; நடுவில் ஊர்கள் இரண்டாகப் பிளந்தன. ஒரே தெருவில் இரண்டு பள்ளி, இரண்டு பூசாரி. இறந்தவருக்கு எந்த மொழியில் மந்திரம் ஓதுவது என்பதற்குக்கூடச் சண்டை நடந்த காலம் அது.

1905 மே மாதம் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஓர் ஆணை பிறப்பித்தார். விளாக்குகள் தனி மில்லத், அதாவது தனிச் சமூகம்; தங்கள் மொழியில் வழிபடலாம், பள்ளி நடத்தலாம், ஊர்த்தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒட்டோமான் முறையில் அதுவரை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்றால் பெரும்பாலும் கான்ஸ்டான்டினோபிள் பேராயரின் கணக்கில், சுருக்கமாகச் சொன்னால் "கிரேக்கர்" கணக்கில் வருவார்கள். அந்தக் கணக்கிலிருந்து இவர்களைப் பிரித்ததால் ஏதென்ஸ் கொதித்தது. ஆயுதக் குழுக்கள் ருமேனியச் சார்பு ஊர்களில் புகுந்தன, ஆசிரியர்களும் பூசாரிகளும் கொல்லப்பட்டார்கள். ருமேனியாவுக்கும் கிரேக்கத்துக்கும் தூதரக உறவே முறிந்து, 1911 வரை சீராகவில்லை. அந்த ஆணை வெளியான மே 23ஐ அரோமேனியர்களில் ஒரு பிரிவினர் இன்றும் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். கிரேக்கத்து விளாக் சங்கங்கள் அந்த நாளைக் கண்டுகொள்வதில்லை.

பிறகு நடந்தது வேகமானது. 1912, 1913 பால்கன் போர்கள் ஒட்டோமான் மாசிடோனியாவைத் துண்டு போட்டன. கோடை மலை ஒரு நாட்டில், குளிர்காலச் சமவெளி இன்னொரு நாட்டில் என்று ஆனது. எல்லைக்காவல் வந்தபின் ஆட்டை எப்படி ஓட்டுவது? 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகளுக்கு மாசிடோனியா, தெஸ்ஸாலிச் சமவெளிகளில் நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த நிலம்தான் இவர்களுடைய குளிர்கால மேய்ச்சல். அரோமேனியர்களின் பழைய வாழ்க்கையை முறித்தது எந்த மொழிச்சட்டமும் இல்லை, இந்த நிலப்பங்கீடுதான் என்பது என் கருத்து. 1925இலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ருமேனியா தந்த நிலத்தை நம்பி, அப்போது அதன் கையில் இருந்த தெற்கு டொப்ருஜா என்ற கருங்கடல் கரைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தன. 1940இல் அந்தப் பகுதி பல்கேரியாவிடம் போனதும் மீண்டும் மூட்டை கட்டி வடக்கே கான்ஸ்டன்ஸா, துல்சேயா வட்டாரங்களுக்கு நகர்ந்தார்கள். ஹாஜி, ஹாலெப் பிறந்த வட்டாரம் அதுதான்.

இன்னும் ஒரு காயம் பாக்கி. 1941இல் இத்தாலியப் படைகள் கிரேக்கத்தை ஆக்கிரமித்தபோது அல்சிபியாதெஸ் தியாமாந்தி என்ற அரோமேனியர், "நாமும் ரோமானியர் வழிதான்" என்று இத்தாலியரோடு சேர்ந்துகொண்டு பிண்டஸில் ஒரு தனியாட்சி அமைக்கப் பார்த்தார். ஆதரவு சொற்பம். ஏராளமான விளாக்குகள் எதிர்ப்புப் படையில் இருந்தார்கள், அவர்களுடைய ஊர்களைத்தான் ஜெர்மானியர் எரித்தார்கள். ஆனாலும் கிரேக்கத்தில் "விளாக் தனித்துவம்" என்று யார் வாயெடுத்தாலும் தியாமாந்தியின் பெயரை நினைவூட்டுவது வழக்கமாகிவிட்டது. ருமேனியப் பள்ளிகள் போருக்குப் பின் திறக்கவே இல்லை. கிரேக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக இவர்களை மொழிவாரியாக எண்ணியது 1951இல். அப்போது 39,855 பேர் என்று பதிவாயிற்று.

இப்போது உங்கள் கேள்வி. சட்டப்படி இவர்கள் சிறுபான்மையா? வட மாசிடோனியாவில் ஆம். அரசியலமைப்பே விளாக்குகளின் பெயரைச் சொல்கிறது. 2002 கணக்கெடுப்பில் 9,695 பேர், 2021இல் 8,714 பேர். 1903இல் ஒட்டோமானுக்கு எதிராக எழுந்து பத்து நாள் குடியரசு நடத்திய க்ருஷேவோவில் அரோமேனியம் இன்று உள்ளாட்சியின் அலுவல் மொழிகளில் ஒன்று. அந்த எழுச்சியில் உயிர்விட்ட பிட்டு குலி அரோமேனியர். மாசிடோனியப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பெயர். அரசுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி, பள்ளியில் விருப்பப் பாடம் எல்லாம் உண்டு. அல்பேனியாவில் 2017இல் வந்த சட்டம் இவர்களைத் தேசியச் சிறுபான்மையாக ஏற்றது. அதற்கு முன் "மொழி, பண்பாட்டுக் குழு" என்று அரைகுறையாக ஒரு நிலை இருந்தது.

ருமேனியாவில் இல்லை. அரசின் பார்வையில் அவர்கள் ருமேனியர்கள், அவர்கள் பேசுவது ருமேனியத்தின் கிளைமொழி. சிறுபான்மையினருக்கென ஒதுக்கிய நாடாளுமன்ற இடமும் இல்லை. 2000களிலிருந்து ஒரு பிரிவினர் தனிச் சிறுபான்மை என்று அறிவிக்கக் கேட்கிறார்கள். மறு பிரிவினர் "எங்கள் தாத்தா ருமேனியராக வாழவே உயிரைப் பணயம் வைத்து வந்தார், இப்போது சிறுபான்மை என்று எழுதிக்கொடுக்கவா?" என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே கல்யாண வீட்டில் ஆடிப் பாடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கிரேக்கத்திலும் இல்லை. 1923 லோசான் ஒப்பந்தப்படி திரேஸ் பகுதி முஸ்லிம்கள் மட்டுமே அங்கே அங்கீகரிக்கப்பட்ட சிறுபான்மை. அங்கு இந்தப் பேச்சு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு வழக்கு. 1995இல் நௌசா ஊரில் நடந்த விளாக் விழாவில் கட்டடக் கலைஞர் ஒருவர், ஐரோப்பாவில் குறைவானோர் பேசும் மொழிகளைப் பட்டியலிட்ட துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். கிரேக்கத்தில் பேசப்படும் மொழிகளாக அரோமேனியம் உள்ளிட்ட சில அதில் இருந்தன. பொய்த்தகவல் பரப்பினார் என்று 2001 தொடக்கத்தில் அவருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் மேல்முறையீட்டில் விடுதலையானார். அவரும் ஒரு விளாக் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போராட்டமே இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது, ஆனால் தெருவில் நடக்கவில்லை. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் குடியேறிய வாஸிலே பார்பா என்பவர் 1980களில் ஒரு மொழி, பண்பாட்டுச் சங்கம் தொடங்கி, மாநாடு மாநாடாக நடத்தி ஐரோப்பிய மன்றத்தின் கதவைத் தட்டினார். 1997இல் மன்றத்தின் நாடாளுமன்ற அவை 1333ஆம் எண் பரிந்துரையை ஏற்றது. நூற்றாண்டின் தொடக்கத்தில் 5,00,000 பேர் பேசிய மொழியை இப்போது அதில் பாதிப்பேரே பேசுகிறார்கள் என்று அது கவலைப்பட்டது. கல்வி, வழிபாடு, ஊடகம் ஆகியவற்றில் இடம் தரும்படி பால்கன் நாடுகளைக் கேட்டது. அந்தப் பரிந்துரை சிறுபான்மை உரிமை என்ற திசையில் போகாமல் மொழி, பண்பாடு என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. கேட்டவர்களின் கணக்கும் அதுதான். அப்படியிருந்தும் கிரேக்க விளாக் சங்கங்களின் கூட்டமைப்பு அதை எதிர்த்தது. அதே ஆண்டு பிட்டோலாவில் கூடியவர்கள் எழுத்துமுறையை ஒழுங்குபடுத்த லத்தீன் எழுத்தில் ஒரு வரையறை செய்தார்கள். கிரேக்கத்தில் எழுதுபவர்களில் பலர் இன்றும் கிரேக்க எழுத்தில்தான் எழுதுகிறார்கள்.

என் தீர்ப்பு இது. இவர்கள் தனி மக்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை: தனி மொழி, தனி வாழ்முறை, ஆயிரம் ஆண்டுப் பதிவு. ஆனால் "தனி மக்கள்" என்றாலே "சிறுபான்மை என்று அறிவிக்க வேண்டும்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. கிரேக்கத்து விளாக்கு ஒருவர் தான் கிரேக்கர் என்று சொல்வதை மூளைச்சலவை என்று தள்ளுகிற எழுத்துகள் நிறைய உண்டு. அவருடைய முன்னோர் அந்த நாட்டை உருவாக்கிய வரலாறு தெரியாத எழுத்துகள் அவை. மறுபுறம், "அவர்களே கேட்கவில்லையே" என்ற அரசுகளின் சமாதானமும் எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் பேசும் மொழியை ஒரு பாடமாக வைக்க இன அறிவிப்பு எதற்கு? 1888இல் கான்ஸ்டன்டின் பெலிமாசே எழுதி, பின்னர் இம்மக்களின் கீதமாகிவிட்ட பாடல், தாய்மொழியை விட்டவனைச் சபிக்கிறது. யுனெஸ்கோ அந்த மொழியை உறுதியாக அழிவை எதிர்நோக்கும் மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது.

நேரில் பார்க்க விரும்பினால் மெட்சோவோவில் தொடங்குங்கள், சாலை வசதி நன்றாக இருக்கிறது, புகையூட்டிய பாலாடைக்கட்டியும் கிடைக்கும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்குச் சமரினா போனால், ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து தேவாலய முற்றத்தில் வட்டமாக ஆடுவதைக் காணலாம். அந்தத் தேவாலயக் கூரையிலேயே ஒரு பைன் மரம் முளைத்து நிற்கிறது. பேச்சுக் கொடுக்க வேண்டுமென்றால் மேய்ச்சல், கழுதை, பாட்டியின் தறி என்று தொடங்குங்கள். மொழி தானாக வெளியே வரும். சிறுபான்மை என்ற சொல்லை மட்டும் முதல் காப்பி முடியும்வரை எடுக்காதீர்கள்.